சாமிக்கல்லின் இரண்டு கைகள்

ஜன. 8
பனி. பள்ளிக்கூடக் கொடிக்கம்பம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கணக்கு வீ.பாடம் பாக்கி. அப்பா வெள்ளிமலைக்கு ஜீப் சவாரி, நாளைதான் வருவார். அதனால் எழுத முடிகிறது.

குடியரசு தினத்துக்கு எங்கள் வகுப்பு நடனம். பாட்டு இல்லை, மேளம் மட்டும். சொல்லித்தருவது டிராயிங் டீச்சர். ஏரிக்கரைச் சாமிக்கல்லில் செதுக்கியிருப்பதைக் கரும்பலகையில் வரிசையாக வரைந்தார். வாளோடு ஓடுகிறவன். அம்பு பட்டவன். கடைசியில் முட்டி போட்டவன்: கழுத்தில் கத்தி, முடியை ஒரு கை பிடித்திருக்கிறது. எதிரி பின்னால் வந்து அறுத்தான் என்பது ஊர்க் கதை.

"படத்துல அசையாம நிக்கிறாங்க. இதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல உடம்பு என்ன பண்ணியிருக்கும்? அதைக் கண்டுபிடிங்க. அதான் டான்ஸ்" என்றார் டீச்சர்.

செல்வி முட்டி போடுகிறவள். எதிரி நான்.

ஜன. 9
செல்வியின் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினேன். பின்னால் இழுக்கவில்லை, கீழே இழுத்தேன். முட்டி தானாக மடங்கியது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க கோமதி?"

"யாரும் இல்ல டீச்சர்."

செல்வி கரியாலூர்க்காரி, ஹாஸ்டலில் இருக்கிறாள். தலையைத் தேய்த்துக்கொண்டே, "பாவி, ஆடச் சொன்னா அறுத்துடுவ போலகீது. இது இன்னா பொம்பள கையா, போலீஸ்கார் கையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அது அப்பாவின் கை.

ஜன. 11
குழம்பில் உப்பு கம்மி. அப்பா அடுப்படியிலிருந்து வாசல் வரை அம்மாவை இழுத்துவந்தார். பின்னல் மணிக்கட்டில் ஒரு சுற்று. அம்மாவின் வலது கை நிலைப்படியைப் பிடித்து, வழுக்கியது. முட்டி. பிறகு இரண்டு கையாலும் அப்பாவின் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் தலை கொஞ்சம் கம்மியாக வலிக்கும் போல. உதட்டில் ரத்தம்.

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

மூலையில் சுவரோடு ஒட்டி நின்றேன். ஆனாலும் எந்தக் கால் முதலில் மடங்குகிறது என்று பார்த்தேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஜன. 12
கடையில் அம்மா: "மாடு இடிச்சிட்டுதுக்கா."

எங்களிடம் மாடு இல்லை. அது கடைக்கார அக்காவுக்கும் தெரியும்.

ஜன. 16
காணும் பொங்கல். வருஷத்தில் இன்று மட்டும்தான் சாமிக்கல்லைக் கழுவுவார்கள். பூசாரி கொட்டாங்குச்சியால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, சீயக்காய் போட்டுத் தேய்த்தார். மறுபடி எண்ணெய் பூசுவதற்குள் வரைய வேண்டும் என்று டீச்சர் நோட்டோடு வந்துவிட்டார்.

"சீக்கிரம் வரஞ்சிக்கோங்க டீச்சர், சாமி அம்மணமா நிக்கிது" என்றார் பூசாரி.

டீச்சர் கல்லில் விரலை ஓட்டினார். நின்றார். மறுபடி ஓட்டினார். முட்டி போட்டவனுக்குப் பின்னால் ஆளே இல்லை. முடியைப் பிடித்த கை அவன் தோளிலிருந்துதான் வருகிறது.

"ரெண்டுமே இவன் கைதான்."

"அப்ப வெட்டுனது யாரு?" என்றார் பூசாரி.

"இவனேதான். சாமிக்கு வேண்டிக்கிட்டு, தன் தலையைத் தானே குடுக்குறான்."

"இன்னா டீச்சர், எங்க தாத்தா காலத்துலேருந்து எதிரிதான் வெட்டிக்கினு இருக்கான்" என்று சொல்லி, அவசரமாக எண்ணெயை ஊற்றிவிட்டார்.

நடனம் மாறிவிட்டது. கடைசிப் படம் எனக்கு மட்டும். இழுக்கிறவளும் நான், விழுகிறவளும் நான். செல்விக்கு நிம்மதி.

வீட்டில் கதையைச் சொல்லி, துடைப்பக்குச்சியைக் கத்தியாக வைத்து அம்மாவுக்கு ஆடிக் காட்டினேன். மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"ரெண்டும் அவன் கைதானா?"

"ஆமாம்மா."

இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். பிறகு, "அப்பா முன்னாடி ஆடாத கண்ணு."

ஜன. 25
மைக் செட்டு நாளைக்கு அப்பாவின் ஜீப்பில்தான் வருகிறதாம். அவரும் இருப்பார். பார்த்ததும் அது தன் கை என்று கண்டுபிடித்துவிட்டால்? ஊருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்பார். அடி அம்மாவுக்குத்தான் விழும். காய்ச்சல் என்று சொல்லலாமா? பச்சை ரிப்பன் வேறு காணோம்.

ஜன. 26
ஆடினேன்.

மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றியபோது ஜீப் பக்கமிருந்து விசில். அப்பாதான். கை தட்டினார். பக்கத்தில் நின்றவரிடம், "எம் பொண்ணு" என்றார். தன் கையை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் குடித்துவிட்டு, கூட்டாளியோடு வந்தார். "கோமு, மாமாவுக்கு ஆடிக் காட்டு."

"கால் வலிக்குதுப்பா."

"ஊருக்கெல்லாம் ஆடுவ, அப்பனுக்கு ஆட மாட்டியாடி?"

என் பின்னலைப் பிடித்தார். முதல் தடவையாக என்னுடையதை. ஒரு சுற்று. முட்டி மடங்கியது. எந்தக் கால் என்று பார்க்க முடியவில்லை.

"வுடு அவள."

அம்மா. கையில் அரிவாள். கூட்டாளி செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அப்பா என்னைத் தள்ளிவிட்டு, "வெட்டுவியா? வெட்டுடி பாக்கலாம்" என்று அவளிடம் போனார்.

அம்மா முட்டி போட்டாள். இடது கையால் தன் பின்னலை மேலே தூக்கினாள். அரிவாள் கழுத்துக்குப் போனது. நான் கத்தினேன். கீரைக்கட்டு அறுக்கிற சத்தம்.

பின்னலை அவர் காலடியில் எறிந்தாள்.

"இந்தா, புடி. இதுதானே ஒனக்கு வேணும்? புடி!"

அவர் கை அம்மாவின் பின்னந்தலை வரை வந்தது. விரல்கள் விரிந்தன, மூடின. பிடிக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையையே பார்த்தார். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவின் கழுத்தில் ஒரு கீறல். மஞ்சள் வைத்தேன். மீதி முடியைக் கத்தரிக்கோலால் சமமாக்கினேன். ஒரு பக்கம் கோணல்.

"என்னுதையும் வெட்டும்மா" என்றேன். வெட்டினாள். தலை லேசாக இருக்கிறது. கழுத்தில் குளிர்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஜீப் கியர் மாற்றுகிற சத்தம். அப்பா வருகிறார்.

அம்மா அரிவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.