ராசாவுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவனுக்கு

பொதுமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது யாதெனில், கண்டக்குழியைத் தலைநகராகக் கொண்டு அரசாண்ட அழாத ராசாவின் பொன்முடி நேற்றுப் பின்னேரம் ஒரு பூனையால் உண்ணப்பட்டது. இடது பக்கம் முழுவதும் காலி. வலது பக்கத்தில் பல் அடையாளம். பூனை நலமாக இருக்கிறது. மேலதிக விபரங்களுக்கு ராசாவைத் தொடர்பு கொள்ளவும். ராசா நான்தான்.

பூனையைக் குறை சொல்ல ஏலாது மச்சான். மட்டையில் தங்கத்தாள் ஒட்டிச் செய்த முடியை உன் வாப்பாவின் கருவாட்டு வாடிக் கொட்டிலில் தொங்கவிட்டால், கொஞ்ச நாளில் அது முடியாக இருப்பதை விட்டுவிட்டு மஞ்சள் பூசிய கட்டாக் கருவாடாகிவிடும். மிச்சத்தை எடுக்கப் போனவன் அதை மூக்கருகே கொண்டுபோனேன். பசையும் கருவாடும் கலந்த அந்த மணத்தில் நீ உடனே வந்துவிட்டாய். கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்தாய். "முடிய நேராப் போடுடா. ராசாவா நீ, சந்தைக்கு முட்டை தூக்கிட்டுப் போறவனா?"

அதனால்தான் இந்த மடல். நீ போன பிறகு நம் நாடகத்துக்கு என்ன ஆனது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது நடந்தது. போன கிழமை, கற்பிட்டியில், பள்ளிக்கூடங்கள் எல்லாம் வந்த போட்டியில், திரை விலகியதும் நடுவில் நின்றவன் நான். நீ இல்லாமல் வைத்த ஒத்திகை ஒன்றுக்குக்கூடப் பிந்தவில்லை. எல்லாப் பாட்டையும் நானே எடுத்தேன், நானே முடித்தேன். கைதட்டலில் மண்டபத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. அதைப் பிறகு ஆறுதலாகச் சொல்கிறேன். ராசா பெருமை அடிக்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன.

உன் வாப்பா கருவாடு ஏற்றிப் போன லொறியில் தொற்றிக்கொண்டு நாம் உடப்புக்குக் கூத்துப் பார்க்கப் போனது நினைவிருக்கிறதா? நான் முழு நேரமும் ராசா வேஷக்காரரின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிடம் விழும் என்று. நீ பார்த்தது மேடையோரம் நின்ற, கூத்துப் பழக்கிய அண்ணாவியாரை. ஒவ்வொரு பாட்டிலும் முதல் அடியை அவர் எடுத்துக் கொடுக்க, ஆட்டக்காரர் அதை வாங்கிப் பாடினார். திரும்பி வரும்போது லொறிக்குள் சொன்னாய்: "மச்சான், எனக்கு ஒரு வேலை கிடைச்சிட்டுது."

உன்னால் மேடையில் நீண்ட நேரம் நிற்க முடியாது. மாதம் ஒருமுறை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாய். அடுத்த முறை கிட்டும்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். எனக்கோ குரல் இருந்தது, சுருதி இல்லை. எந்தப் பாட்டையும் பக்கத்து வீட்டில்தான் தொடங்குவேன். ஆகவே திரைக்குப் பின்னால் பெட்டியில் இருந்தபடி நீ முதல் அடியை எடுப்பாய். நான் ஒரு மூச்சு பொறுத்து, அதே இடத்தில் பிடித்து முழங்குவேன். "தொடக்கத்த மட்டும் எனக்குத் தா. மிச்சம் எல்லாம் உனக்கு" என்றாய். சின்ன வயதில் ஐஸ்பழத்தைப் பங்கு போட்டபோதும் நீ இப்படித்தான். நட்டம் எப்போதும் உனக்கு.

நாடகத்தை எழுதியதும் நீதான். பிறந்ததிலிருந்து அழுததே இல்லை என்று பீற்றும் ஒரு ராசா. நாட்டில் சமையலறைதோறும் ஆட்கள் கண்ணைக் கசக்குவதைக் கண்டு, இது ராசதுரோகம் என்று வெங்காயத்தையே தடை செய்கிறான். கடைசியில் ருசியில்லாத கறியைத் தின்ன முடியாமல், ஒளித்துவைத்த ஒரு வெங்காயத்தைத் தானே நறுக்குகிறான். நிஜ வெங்காயம்தான் வேண்டும், அதுவும் எத்தாளைத் தோட்டத்துச் சின்ன வெங்காயம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாய். ராசாவின் முதல் பாட்டு:

"அழமாட்டேன் அமைச்சரே, அழமாட்டேன் – என்
கண்ணுக்குள்ளே உப்பளம் இல்லையடா!"

முதல் ஒத்திகையிலேயே அதை நான் திருத்தி வெளியிட்டேன்:

"குளிக்கமாட்டேன் அமைச்சரே, குளிக்கமாட்டேன் – எங்கள்
கிணற்றுக்குள்ளே தண்ணியே இல்லையடா!"

அமைச்சராக நடித்த ரிஸ்வான் சிரித்துச் சிரித்து, வாடி வாசலில் நெத்தலி காயப்போட்டிருந்த பாயில் போய் விழுந்தான். "யார்ரா அது, என்ட நெத்தலில உருளுறது?" என்று உன் வாப்பா வெளியிலிருந்து சத்தம் போட்டார். நீ சிரிக்கவில்லை. போனைத் தூக்கிக் காட்டினாய்.

"சிரிச்ச நேரத்தையும் சேர்த்துத்தான் அளந்திருக்கன். இப்ப நாடகம் ரெண்டு நிமிஷம் கூடிட்டுது. உன்ட பேச்சுலதான் வெட்டுவன்."

"அநியாயம்டா! அந்த ரெண்டு நிமிஷத்த எடுத்து வச்சிட்டுப் பிறகு தாவன்."

"நேரம் என்ன கருவாடா, காயப்போட்டு எடுத்து வைக்க?"

வெட்டியும் விட்டாய். போட்டியில் இருபது நிமிடம்தான். முதல் மணி அடித்தால் முடிக்கத் தயாராக வேண்டும். இரண்டாம் மணிக்குப் பிறகும் மேடையில் நின்றால் புள்ளி போகும். "நம்மட நாடகம் கற்பிட்டியத் தாண்டணும்டா" என்றாய். "தாண்டினா அடுத்த மேடை புத்தளத்தில. மாசா மாசம் அந்த ஊருக்கு ரத்தத்துக்குப் போறன். ஒருக்காவது பாட்டுக்குப் போகணும்." அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. நெத்தலியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நேரம் என்றால் உனக்கும் எனக்கும் எப்போதும் இழுபறிதான். ஒத்திகை பின்னேரம், அஸருக்குப் பிறகு என்பாய். நம் ஊரில் அஸருக்குப் பிறகு என்பது, தொழுகை முடிந்து செருப்பைத் தேடுவதில் தொடங்கி மஃரிப் பாங்கு வரைக்கும் நீளும். நான் அதன் கடைசி ஓரத்தில் வந்து சேருவேன், சூரியன் கடலில் கால் வைக்கும்போது. அதற்கு நீ செய்த மருந்து, எனக்கு மட்டும் நடுப்பகலில், லுஹருக்குப் பிறகு என்று பொய் சொன்னது. ரிஸ்வான் வாய் தவறி உளறிவிட்டான். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மறுநாள் லுஹர் முடிந்ததும் ஓடி வந்தேன், மணல் சுடச் சுட. வாடியில் ஒரு குருவியும் இருக்காது, ஊரைக் கூட்டி உன் மானத்தை வாங்கலாம் என்று திட்டம். பெட்டியில் நீ இருந்தாய்.

"நீ ஏன்டா இப்ப வந்த?"

"நான் பொய் சொன்னனா எண்டு பாக்க நீ வருவாய் எண்டு தெரியும்."

மற்றவர்கள் வரும்வரை இரண்டு பேரும் காகம் விரட்டிக்கொண்டு இருந்தோம். என் வாழ்க்கையில் நான் நேரத்தோடு வந்த முதல் நாள் அதுதான். அதையும் காகங்கள்தான் பார்த்தன.

பிந்தும் நாட்களில் நீ போன் எடுத்தால் நான் சொல்வது ஒன்றுதான்: "இந்தா, வந்துட்டன்." சொல்லும்போது சாரத்தோடு பாயில் கிடப்பேன். நீ அதைப் பெரிய ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டாய். என் உம்மா அடுப்பை மூட்டும்போதே "சோறு ஆக்கிட்டன்" என்பது, மெக்கானிக் பைக்கைத் தொடாமலே "செஞ்சிட்டன் தம்பி" என்பது, எல்லாவற்றையும் சேர்த்து ஒருநாள் தமிழ்ப் பாடத்தில் எழுந்து நின்றாய். "சேர், நம்மட ஆக்கள்ட இறந்த காலத்துக்குச் சொந்தமா வேலை ஒண்டும் இல்ல. அதான் அது எதிர்காலத்துக்குக் கூலிக்குப் போகுது." சேர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சோதனையில மட்டும் எழுதிராத மகன்" என்றார்.

சின்னக் காய்ச்சல் என்றுதான் உன்னை வார்டில் மறித்து வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குரல் பதிவு அனுப்பினாய், குரலில் பாதி மூச்சுத்தான்: "சேர்ட்ட சொல்லு மச்சான். வியாழன் ஒத்திகைக்கு நான் வந்துட்டன் எண்டு." நான் விடுவேனா? "கூலிக்காரன் கவனம்" என்று பதில் அனுப்பினேன். நீ கேட்டாயோ தெரியாது. வியாழன் நான் ஒத்திகைக்கு உடுத்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டு நிற்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆடு காணவில்லை என்று சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உன் வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு, அன்னாரின் மகன் என்றார்கள்.

உன் நாற்பதாம் நாள் கழிந்த பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார். "நாடகத்த விடுவமா, செய்வமா?" செய்வோம் என்றேன். "பாட்டெடுத்துக் குடுக்க வேறொரு பொடியன வைப்பமா?" "தேவையில்ல சேர். எல்லாம் எனக்குப் பாடம்." பீற்றவில்லை, உண்மையாகவே பாடம். கிணற்றடியில் நின்று பாடிப் பாடி சுருதியையும் பிடித்துவிட்டேன். வகுப்பறையில் ஒத்திகை வைத்தோம், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்குள் முடித்தோம். "இவன் மனுசனாயிட்டான்டா" என்று ரிஸ்வான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

போட்டியன்று உன் வாப்பா வந்திருந்தார். கதிரை இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றார். உப்பளம் என்ற இடத்தில் சபை சிரித்தது. நான் வெங்காயம் நறுக்கியபோது முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் நிஜமாகவே கண்ணைக் கசக்கினார்கள். நடுவர்களில் ஒருவர், ராசாவுக்கு நல்ல குரல் என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். கைதட்டலைப் பற்றி முதலே சொல்லிவிட்டேன்.

இதுவரை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது.

நாம் தாண்டவில்லை மச்சான். வெங்காயம் நறுக்கினேன் என்றேனே, அது இரண்டாம் மணி அடித்த பிறகு. நல்ல குரல் என்ற நடுவர் அதோடு நிற்கவில்லை. நேரம் கடந்ததால் புள்ளி வெட்டப்பட்டது என்றும் சொன்னார். அடுத்த மேடைக்கு வேறு பள்ளிக்கூடம் போகிறது.

"எல்லாம் பாடம் எண்டியேடா" என்று சேர் மண்டபத்துக்கு வெளியே கேட்டார், கோபமாகக்கூட இல்லை. "பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால ஏன் மரம் மாதிரி நிண்ட?"

"அடி மறந்திட்டுது சேர்."

மறக்கவில்லை. வாயில்தான் இருந்தது. வகுப்பறையில் திரை இல்லை, அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. மேடையில் என் முதுகுக்குப் பின்னால் திரை ஆடியது. நீ எடுத்துத் தரட்டும் என்று நின்றேன். வராது என்று தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த பாட்டுக்கும் நின்றேன், அதற்கடுத்ததற்கும். உன் வாப்பா கிட்ட வந்தார். என் கழுத்தில் கையைப் போட்டு, "வா மகன், பிளேன்டி குடிப்பம்" என்றார்.

இப்போதும் குளிக்கும்போது ஒரு பாட்டையும் நேராகத் தொடங்க எனக்கு வருவதில்லை. வாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். தங்கச்சி சமையலறையிலிருந்து கத்துகிறாள்: "நானா, பாடுறதெண்டாப் பாடு, இல்லாட்டி வாளியத் தா!"

ஒரு மூச்சுத்தான், பொறு என்கிறேன்.