நெற்றிப்பட்டம்

கீழ்பென்னாத்தூர்
16.1.2025

அன்பு அண்ணனுக்கு,

போனை அணைத்துப் போட்டுவிட்டாய். அதனால்தான் கடிதம். ஆனியில் தனம் அண்ணி போனாள், ஐப்பசியில் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டவில்லை. நீ செங்கம் ரோட்டில் அறை எடுத்து மலையைச் சுற்றுகிறாய். எனக்குச் சுற்ற நேரமில்லை. வருஷத்துக்குள் இனியா கல்யாணத்தை முடிக்கணும்னு பங்காளிகள் நெருக்கி, தைக் கடைசியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். தாய்மாமன் நீதான் அவளுக்கு நெற்றிப்பட்டம் கட்டணும்.

சின்ன மாமனார் சக்கரபாணி சொல்கிறார்: “நீ மேடைப் பக்கம் வராதம்மா, சமையக்கட்டுலயே இருந்துக்கோ. உங்க அண்ணன் வந்துட்டா போதும்.” உனக்கும்தான் பெண்டாட்டி செத்தாள். உனக்கு மாலை, எனக்குச் சமையல்கட்டா?

பிரஷர் மாத்திரை போடுகிறாயா?

அன்புச்செல்வி

திருவண்ணாமலை
22.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மாத்திரையை நிறுத்திவிட்டேன். தனமும் தவறாமல் போட்டவள்தான். உட்கார்ந்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. நடந்தால் கேட்பதில்லை. பக்தி என்று நினைக்காதே.

காபிக் கடையில் ஒருத்தர் சாவு வெறும் தோற்றம் என்று பாடம் எடுத்தார். “உங்க வீட்ல யாருங்க செத்தாங்க?”னு கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தில் நிற்க என்னால் ஆகாது. ‘அடுத்தது இவன்தான்’ என்று பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பட்டம் வாங்கி வேன்காரர் காசியிடம் கொடுத்திருக்கிறேன். நீயே கட்டு. அந்தக் கிழவர் பேச்சைக் கேட்காதே.

அறிவுச்செல்வன்

கீழ்பென்னாத்தூர்
28.1.2025

அண்ணா,

பட்டம் வந்தது. தைரியத்தைப் பார்சலில் அனுப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மண்டபமே என்னை முறைக்கும்போது நீ மலையைச் சுற்றிக்கொண்டிருப்பாய்.

பயம் உனக்கு மட்டுமா? பத்திரிகைக்கு மஞ்சள் தடவும்போது, நானும் போய்விட்டால் இவளுக்கு யார் என்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தடவினேன்.

சின்ன மாமனாரிடம் சொல்லிவிட்டேன்: “மேடையில நான் நிப்பேன். புடிக்கலன்னா நீங்க சமையக்கட்டுக்குப் போங்க.” இனியா சிரித்துவிட்டாள். அவள் அப்பா போனபிறகு இப்போதுதான் சிரிக்கிறாள்.

நேற்று அவள் நெற்றியில் பட்டத்தை வைத்துப் பார்த்தேன். முன்னால் பிடிக்க ஒரு ஆள், பின்னால் முடிச்சுப் போட ஒரு ஆள் வேண்டும். தனியாகக் கட்டினால் கோணிக்கொள்கிறது. முன்னால் நான் பிடித்துக்கொள்கிறேன். நீ வராவிட்டால் கோணலாகவே கட்டுவேன், போட்டோவில் அப்படியே இருக்கட்டும்.

உன் மாத்திரையை வாங்கிக் காசியிடம் கொடுத்தனுப்புகிறேன். போட்டுக்கொண்டு, அதே வேனில் ஏறு.

அன்புச்செல்வி