முகம் விழாத படங்கள்

காலையில் நெல்லித்தோப்பு வழியாகச் சைக்கிளில் வந்தபோது ஒரு பட்டறையிலிருந்து இரும்பு எரியும் வாசனை வந்தது. கூடவே அந்தச் சடசடப்பு. இறங்கிவிட்டேன். சுவரில் நீல வெளிச்சம் அடித்து அடித்து அணைந்துகொண்டிருந்தது. வெல்டிங் பொறி படாமல் முகத்துக்கு நேரே தகடு பிடித்தபடி ஒருவர் குந்தியிருந்தார். நீதான் என்று நினைத்துக் கூப்பிட வாயெடுத்தேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். நீ இறந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இந்த மடலின் தலையில் உன் பெயரை எழுதாததும் அதனால்தான். எட்டு வருஷம் நான் கூப்பிட்ட பெயர் ஒன்று. உன்னைத் தூக்கிய அன்று உன் தம்பி மாரில் அடித்துக்கொண்டு கூப்பிட்ட பெயர் வேறு.

நம்மைச் சேர்த்தது காமிரா. வெள்ளைக்காரக் குடும்பங்கள் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம் அது. பிரெஞ்சு நகராட்சியான மேரியில் குமாஸ்தாவாக இருந்த நான் ஒரு துரை வீட்டில் மடக்குக் காமிரா வாங்கினேன். மூடியின் கீல் உடைந்திருந்ததால் உன் வெல்டிங் கொட்டகைக்கு எடுத்து வந்தேன். "லேசான தகடு. நம்ம நெருப்பு பட்டா ஓட்டையாப் பூடும். ஈயம் வச்சித் தரேன், உக்காரு" என்றாய். பக்கத்தில் உன் கூட்டாளி மாணிக்கம் ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? புடிச்சிப் பாரேன்" என்றாய்.

முதல் சுருளைக் கழுவி வாங்கியபோது எல்லாப் படத்திலும் நடுவில் வெள்ளை ஓட்டைதான் இருந்தது. அடுத்த ஞாயிறு உன் தகட்டில் பதிக்கும் கறுப்புக் கண்ணாடித் துண்டை லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். இப்போது பொறி விழுந்தது, ஆள் விழவில்லை. இப்படியே எத்தனையோ ஞாயிறுகள் போயின. பொறிகள் கோடுகோடாகப் பறப்பதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆறிப்போன இணைப்பைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால் மீன் செதிள் அடுக்கியதுபோல் வந்தது. அந்தப் படத்தை நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நாம பண்ணதாய்யா இது?" என்றாய்.

ஆனால் காமிராவை உன் பக்கம் திருப்பினால் தகடு மேலே வந்துவிடும். டீ குடிக்கும்போதுகூட. "வேலைய எடு, கணக்குப்புள்ள. மூஞ்சி எதுக்கு?" கூச்சம் என்றுதான் நினைத்தேன்.

பிரெஞ்சுக்கொடி இறங்கிய சமயத்தில் தெருவெல்லாம் பட்டாசு. எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள், இனி விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் சோதனை இல்லாமல் போய்வரலாம் என்று எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் கொட்டகையைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தாய். என்ன என்று கேட்டேன். காய்ச்சல் என்றாய். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சில்லென்று இருந்தது. அதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு ஞாயிறு. நீ தகட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு வந்து நின்றாய். "எடு" என்றாய். தூரத்தைச் சரிபார்த்து நிமிர்வதற்குள் உன் முகம் மாறிவிட்டது. "வேணாம், வுடு. இன்னொரு நாளு பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாய்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. சுரத்தின் உச்சத்தில் நீ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாய். மாணிக்கம் பஸ் ஏறிப் போய் விசாரித்து உன் தம்பியோடு திரும்பினார். அதற்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள்.

காரியத்துக்குப் படம் வேண்டுமென்று உன் மனைவி தனம் கேட்டாள். என்னிடம் இருந்தவற்றையெல்லாம் கொண்டுபோய்த் தரையில் பரப்பினேன். "இத்தினி வருஷம் புடிச்சீங்களே அண்ணே, ஒண்ணுலகூடவா மூஞ்சி இல்ல?" ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், நான் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு என் வீட்டில் மாட்டியிருந்த படத்தை எடுத்துத் தனியே வைத்தாள். "இது அவரு இல்ல. மாணிக்கம் அண்ணன். எங்க வூட்டுக்காரருக்குத்தான் எடது தோளு எறங்கியிருக்கும்." தினமும் உன்னைப் பார்க்கிறேன் என்று நினைத்து வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ தகடு பிடித்துக் குந்தியிருக்கும் இன்னொரு படத்துக்குத்தான் மாலை போட்டோம்.

அன்றைக்கு உன் தம்பி எங்களிடம் சொன்னார்: "வாய்க்காத் தகராறுங்க. எங்க அண்ணன் மம்முட்டிக் காம்பால ஒரு ஆள அடிச்சிட்டாரு. செத்துட்டான்னு நெனச்சி எல்லை தாண்டி ஓடியாந்துட்டாரு. அப்ப இங்க பிரெஞ்சுக்காரன் ஆட்சி, போலீசு வராதில்ல. அந்த ஆளு மறுநாளே எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சான். கேசே இல்லிங்க. நாங்க எங்கன்னு தேடுவோம்?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இல்லாத கேசுக்காகவா இத்தனை வருஷம் முகத்தை மறைத்தாய்? ஆனால் தனம் மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். போன வருஷம் விழுப்புரம் போறேன்னு போனாரு. வந்து ரெண்டு நாளு யாரோடவும் பேசல." நீ "எடு" என்று வந்து நின்றது அதற்கு அடுத்த ஞாயிறு.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உனக்குத் தெரிந்திருந்தால் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? ஊர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பினாயா? பயம் போன பிறகு வெட்கம் பிடித்துக்கொண்டதா? தெரியாவிட்டால், அன்றைக்கு மட்டும் ஏன் தகட்டை இறக்கினாய்? ஒரு நாள் உன்மேல் கோபம் வருகிறது. மறுநாள் பாவமாக இருக்கிறது. எனக்கே என்னைப் புரியவில்லை.

உன் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தம்பி கேட்டதால் மாலை போட்ட படத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். போன வாரம் அவர் மறுபடி வந்தார். அம்மா படத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் கேட்டார்களாம், "அந்தத் தகட்டக் கீழ எறக்கச் சொல்லி ஒண்ணு எடுக்கலியா?"

தம்பிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன், பஸ் ஏற்றிவிட்டேன்.

இன்று காலை அந்தப் பட்டறை ஆள் தண்ணீர் குடிக்கத் தகட்டை இறக்கினார். பையிலிருந்து காமிராவை எடுத்து, "உங்க மூஞ்சிய ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்றேன். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். எடுத்தேன். "எதுக்கு சார்?" என்று பிறகுதான் கேட்டார். "வீட்டுல குடுங்க" என்றேன். நாளை மறுநாள் கழுவி வந்துவிடும். நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.