கால் தானாக ஏறின வண்டி

மார்த்தாண்டம்
1935 மார்ச் 23

பினாங்கில் இருக்கும் என் அருமை மகன் ஜெபசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம், பசுவும் கன்றும் சுகம், உன் சுகத்தை விவரமாக எழுது. எல்லாவற்றுக்கும் மேலான சந்தோஷம், உன் மனைவி சத்தியபாயும் உன் மகளும் திருவட்டாற்றிலிருந்து போன திங்கட்கிழமை நம் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைக்கு உன் நெற்றி, என் மூக்கு, குரல் யாருடையது என்று எழுதினால் உன் அப்பா கோபித்துக்கொள்வார். எதில் வந்தார்கள் என்று கேட்டால் நீ நம்பமாட்டாய், பஸ்ஸில் வந்தார்கள். ஆமாம், பஸ் சத்தம் கேட்டாலே மதிலோரம் ஒதுங்குகிற அதே சத்தியபாய்தான். நீ கப்பலேறின பிறகு நடந்த கதை இது, முதலிலிருந்து சொல்கிறேன்.

வைகுண்டராஜன் முதலாளியின் பழைய பஸ்ஸை நீ பார்த்திருக்கிறாய், பக்கவாட்டில் பாய்கிற புலி வரைந்திருக்குமே, அதுதான். ஆண்கள் அதில் தொங்கிக்கொண்டு போவார்கள், பெண்கள் ஒருத்தியும் ஏறமாட்டார்கள். சத்தியபாய் போன வருஷம் ஒரே ஒரு தடவை துணிந்து ஏறினாள், வளைவில் வண்டி சாய்ந்ததில் யாருடையதோ மீன்கடவம் மீனும் தண்ணீருமாக அவள் மடியில் கவிழ்ந்தது, அத்தோடு சத்தியம் பண்ணிவிட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் முதலாளி இஞ்சினும் சக்கரமும் மட்டுமாகப் புது வண்டி ஒன்றை அப்பாவின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார், பாடி கட்டித் தரவேண்டும் என்றார், பெண்கள் பயமில்லாமல் ஏறவேண்டும் என்றார். அப்பா உடனே பக்கவாட்டில் 'பயப்படாதே' என்று பெரிய எழுத்தில் எழுதிவிடலாம் என்று சொல்ல, அப்படி எழுதினால் உள்ளே பயப்பட ஏதோ இருக்கிறது என்றல்லவா நினைப்பார்கள் என்று நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை, அப்பா பக்கம் திரும்பினார். "எழுத்து வேண்டாம் ரசலையா, படிக்கத் தெரியாதவளுக்கும் வண்டியைப் பாத்த உடனே பயம் பேடியெல்லாம் போகணும்" என்றார். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் வண்டி ஓட வேண்டும், முதல் நடையில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தியாவது யாரும் சொல்லாமல் தானாக ஏற வேண்டும், ஏறினால் இனி வருகிற வண்டியெல்லாம் அப்பாவுக்கு, இல்லாவிட்டால் எல்லாம் திருவனந்தபுரத்துப் பட்டறைக்கு. நான் ஏறினால் கணக்கில் வராதாம், ரசலையன் பெண்டாட்டி புலி மேலேயும் ஏறுவாளாம்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சோறு தண்ணீர் கிடையாது. வேகத்துக்குப் புலி வரையலாம், அழகுக்கு மயில் வரையலாம், பத்திரம் என்பதற்கு எதை வரைவது என்று என்னைக் கேட்டுக் கேட்டு அரித்துவிட்டார். பிறகு அவராகவே, பயம் போனால் மிஞ்சுவது சமாதானம், சமாதானத்துக்கு வெள்ளை என்று முடிவு பண்ணி, வண்டி முழுக்க வெள்ளை அடித்து, ஓரங்களில் கறுப்புக்கோடு இழுத்து, நம் சபைக் கோயில் ஜன்னல்போல வளைவு வைத்து, வெள்ளைத் திரையும் தைக்கச் சொன்னார். நானும் மடைச்சி, உட்கார்ந்து தைத்தேன். வண்டியைக் காயவைக்கத் தெருவில் இறக்கினார்கள். மகனே, நம் சபையின் சவவண்டி எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். எதிரே வந்தவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோயிலில் மணியடிக்கிற முத்துநாயகம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய்த் துக்கமணி அடித்துவிட்டார். போதகர் ஐயர் வேதப்புத்தகத்தோடு ஓடிவந்து, வாசலில் நின்ற என் கையைப் பிடித்து, முப்பது வருஷம் நல்ல மனுஷனோடு வாழக் கொடுத்துவைத்தவள் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து உன் அப்பா வண்டிக்கு அடியிலிருந்து மேலெல்லாம் வெள்ளைச் சாயத்தோடு தவழ்ந்து வெளியே வந்தார், கூட்டத்தில் இரண்டு பேர் ஓட்டம் பிடித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று. முதலாளி காதுக்கும் விஷயம் எட்டிவிட்டது, திருவனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பப் போகிறார் என்று சந்தையில் பேச்சு. அப்பா தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அடுக்களைப் பின்வாசலில் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

அங்கே அடைக்கு வைத்த கோழி ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார், காப்பி ஆறிப்போயிற்று, மறுநாளும் போய் உட்கார்ந்தார், எனக்கே கவலை வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் பட்டறையில் ஒரே தட்டும் சத்தம். கோழிப் படம் வரையப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அவர் கோழியை வரையவில்லை, கோழி உட்கார்ந்திருக்கிற விதத்தைக் கட்டினார். மேலே ஒடுக்கி, கீழே அகலமாக்கி, அயனிப் பலகையைச் சக்கரம் பாதி மறைகிற அளவுக்கு இறக்கிவிட்டார், இனி எந்த வளைவிலும் இது சாயாது என்று பார்க்கிறவர்களுக்கே தோன்றும். படியை நம் வீட்டு வாசற்படி உயரத்துக்குத் தாழ்த்தினார். மேலே ஓட்டு நிறம், கீழே சுண்ணாம்புச் சுவர் நிறம், புலியும் இல்லை மயிலும் இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை, பிள்ளைக்காரிக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கை, கம்பி அந்தக் கைக்குத் தானாக எட்ட வேண்டும் என்றேன். உடனே ஒரு பலாச்சக்கையை என் இடுப்பில் தூக்கிவைத்து, ஏறு இறங்கு என்று பட்டறைக்காரர்கள் முன்னால் என்னை ஆட்டிவைத்துவிட்டார். கம்பி இப்போது சரியான இடத்தில் இருக்கிறது, சக்கைப்பால் கறை மட்டும் என் சேலையை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை முதல் நடை, திருவட்டாறு வரை போய்த் திரும்ப வேண்டும், அப்பாவும் நானும் மார்த்தாண்டத்திலேயே ஏறிக்கொண்டோம். சத்தியபாயையும் பிள்ளையையும் கூட்டிவர அன்றைக்குத்தான் நாள் குறித்திருந்தோம், அவள் அப்பா வில்வண்டி பேசி வைத்திருந்தார். பஸ்ஸைப் பற்றி அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று உன் அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சொல்லி ஏத்தினா அது நாம ஏத்தினது. வண்டி ஏத்தணும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீ அறிவாய். ஆற்றூரில் பெண்கள் வண்டியைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், தொட்டுக்கூடப் பார்த்தார்கள், ஏறவில்லை. முன்சீட்டில் முதலாளி திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். திருவட்டாற்றில் கோயில் வழி திரும்புகிற இடத்தில் வில்வண்டி நின்றது, பக்கத்தில் அவள் அப்பாவும், பிள்ளையோடு சத்தியபாயும் நின்றார்கள். உன் அப்பா இறங்கி பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நான் இறங்கிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வில்வண்டியைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், பிள்ளையை மற்ற தோளுக்கு மாற்றினாள். கை கம்பியைப் பிடித்தது, ஒரு கால் படியில், மறு கால் உள்ளே. அவ்வளவுதான். அவள் அப்பா வில்வண்டிக்காரனைப் பார்க்க, வில்வண்டிக்காரன் மாட்டைப் பார்த்தான். அவள் உட்கார்ந்ததைக் கண்டு கடவத்தோடு நின்ற சந்தைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், பிள்ளை தூங்குகிறதென்று தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள். முதலாளியே டிரைவரிடம் ஹாரன் அடிக்காதே என்று கையைக் காட்டினார். மார்த்தாண்டம் வரைக்கும் உன் மகள் கண் திறக்கவில்லை, எனக்குத்தான் கண் நிறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு, எப்படித் துணிந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணும் தோணல்ல மாமி, காலு தானா ஏறிட்டு" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார்.

இரண்டாவது வண்டி நேற்றே வந்து இறங்கிவிட்டது. உன் மகளுக்கு அப்பா செதுக்கி வைத்த தொட்டில் பிடிக்கவில்லை, போட்டால் ஊரைக் கூட்டுகிறாள். இப்போதும் தாத்தாவும் பேத்தியும் பாதி கட்டின வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் வாயாலேயே இஞ்சின் சத்தம் போடுகிறார், அவள் தூங்குகிறாள். ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதி அனுப்ப மறந்துவிடாதே, இல்லாவிட்டால் அப்பா ஏதாவது மோட்டார் கம்பெனிப் பெயரை வைத்துவிடுவார். சத்தியபாய்க்குத் தனியாகக் கடிதம் எழுது, என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் நான் படித்துவிடுவேன். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. லீவில் வரும்போது கார் பிடிக்காமல் அந்த பஸ்ஸிலேயே வா மக்கா. நீ எந்தக் காலை எடுத்து வைக்கிறாய், கை எங்கே போகிறது என்று அப்பா பின்னால் ஒளிந்து நின்று பார்ப்பார். நீ பார்க்காததுபோல் ஏறிவிடு.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் பிள்ளையை உன் மடியில் காணச் செய்வாராக.

இப்படிக்கு,
உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
ர. நேசம்மாள்