அம்மா சுவருக்குத் தைத்த திரை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழிகளிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள இந்த ஒரு கதவுதான் மிச்சம்.

முன்னறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். உன் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அப்பா கொத்தனார் இல்லையா, வேறு ஆள் தேடாமல் தானே குறுக்குச் சுவர் எழுப்பிவிட்டார். நூல் பிடித்த மாதிரி நேராக வந்திருக்கிறது என்று தட்டித் தட்டிக் காட்டினார். வீட்டின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த ஜன்னலடியில்தானே அம்மாவின் தையல் மெஷின் இருந்தது? இப்போது பகலிலும் டியூப் லைட். முதலில் கறுப்புத் துணிக்கு நீல நூல் போட்டார்கள். அப்புறம் நடுராத்திரியில் என்னை எழுப்பி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கொஞ்சம் வெளியே போய் வரலாம் என்றால், தைக்க வேண்டியது கிடக்கிறது என்பார்கள். இப்போது வாசல்வரைகூட வருவதில்லை.

ஒருநாள் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுத் திரை தைத்து அந்தச் சுவரில் மாட்டினார்கள். "சுவருக்கு என்ன வெட்கம்னு சேலை கட்டி விட்டிருக்கே?" என்று அப்பா கேலி செய்தார். அம்மாவும் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் கத்தரிக்கோல் முனையால் அம்மா சுரண்டிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். தடுக்கவில்லை அக்கா. சுரண்ட ஆரம்பித்த பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், எனக்குத் தலை பின்னிவிட்டார்கள். அதனால் விழுந்த தூளை என் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிப்போய்ப் பள்ளிக்கூடத்துச் செடிகளுக்கு அடியில் கொட்டினேன்.

நேற்று எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். மத்தியானம் துளை விழுந்தது. அம்மா கண்ணை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் ஒரே இருட்டு. குடியிருப்பவர் இரவு வேலைக்குப் போகிறவர். பகலில் தூங்குவதற்காக ஜன்னல் முழுக்கக் கறுப்பு அட்டை ஒட்டிவைத்திருக்கிறார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அம்மா காதில் ஏறவில்லை.

"அப்போ வெளியேயும் விடியலையா?" என்று மட்டும் கேட்டார்கள். அதோடு பேச்சும் நின்றது, சாப்பாடும் நின்றது.

தலையணையில் தூள் விழுகிறது என்று குடியிருப்பவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிமெண்ட் குழைத்துத் துளையை அடைத்தார். பிறகு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கூப்பிடும்போது அவளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று மாமாவிடம் போனில் சொல்லி அழுதார். அந்த ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டுக்குப் பூச்சு வேலை பார்த்ததும் அப்பாதான். அங்கேயும் ஜன்னல் கிடையாது என்று அவரேதான் முன்பு சொன்னார்.

போன் அப்பாவிடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். காலையில் தபாலில் போட்டுவிடுவேன், ஞாயிறுக்குள் உன் கைக்கு வந்துவிடும். அப்பா கேட்டால் சரி என்று சொல்லிவிடாதே. டாக்டரிடம் காட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் அந்தச் சுவரை இடிக்கச் சொல். நீ சொன்னால்தான் கேட்பார். இடித்தால் உன் படிப்பு என்னவாகும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கோபித்துக்கொள், ஆனால் கேட்காமல் இருந்துவிடாதே.

நீ நன்றாக இரு அக்கா. வேளைக்குச் சாப்பிடு. உன் கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள். வெயில் முகத்தில் விழட்டும்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. அம்மாவைப் படுக்கையில் காணவில்லையாம், என்னோடு உள்ளே இருக்கிறார்களா என்று கேட்கிறார். இங்கே நான் மட்டும்தா