வெளிச்சம் பட்டதும் எழுந்த ஒலி

அக்கா,

"என் பொறந்தநாளும் அதுவுமா கட்டி கிட்டின்னு ஆரம்பிக்காதடி, யாருக்கும் கேக் தொண்டையில இறங்காது" என்று போனில் சொன்னாய்.

இங்கே நெதர்லாந்திலேயே, என்ஸ்கெடே ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனேன். மார்பைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்தேன். லேசர் வெளிச்சம் பட்டதும் கட்டியைச் சுற்றியுள்ள இரத்தம் ஒலி எழுப்புமாம். கருவி அதைக் கேட்டுப் படம் வரையுமாம். எக்ஸ்ரேயில் தெரியாத கட்டி அதில் தெரிந்தது.

"சின்னதுதான், நல்லவேளை இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர் ஃபெம்கே.

அம்மா தன் மார்புக் கட்டியை மறைத்து, எல்லார் பிறந்தநாளுக்கும் கேக்கை நறுக்கிக்கொண்டே, கடைசிவரை வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தாள்.

ஞாயிறன்று வருவேன். டச்சுக்காரர்கள் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பாய். நானும் அவர்களைப் போலவே, உன் பிறந்தநாளுக்கு உன் மாமியார்வரை எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துவேன். பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்வேன். என் இரத்தமே சத்தம் போட்டுவிட்டது, நான் மட்டும் சும்மா இருப்பேனா?

கேக்கை முன்னாடியே தின்றுவிடுங்கள்.

உன் தங்கை