கிழித்துப் போட்ட சிட்டைகள்

கண்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நிஷாந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தக் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா செவ்வாய்தோறும் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் கூடப் போய் நிற்கிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்பு சுகம், மற்றது எதுவும் சுகமில்லை, அதைக் கீழே எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அம்மா பின்னாலிருந்து பேசுவாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதி உன் தம்பி சுதேஷிடம் கொடுக்கிறேன், அவன் படம் பிடித்து அனுப்புவான். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் வங்கிக்குப் போய் அந்தக் கிரெடிட் கார்டை மூடிவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாய் அல்லவா, மூடாதே. மூடச் சொன்னவனும் நான்தான். அதற்காக அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் இல்லாத காசுக்குச் சாமான் வாங்குவது கேவலம் என்பதில் எனக்கு இன்றைக்கும் இரண்டு பேச்சு இல்லை. உலகம் அந்தக் கேவலத்தைத்தான் கேட்கிறது, அதற்கு நான் என்ன செய்ய.

கடைக் கட்டடத்தை விற்கப் போகிறார்கள் என்று சித்திரையில் சொன்னேன், ஞாபகம் இருக்கும். கட்டடத்தின் பழைய சொந்தக்காரர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் இங்கிலாந்திலிருந்து வந்து, வாடகைக்கு இருக்கிற உங்கள் இரண்டு பேரில் யார் முதலில் காசோடு வந்தாலும் எழுதித் தருகிறோம், இல்லாவிட்டால் வெளியாருக்குப் போகும் என்றார்கள். இரண்டு பேர் என்றால் நானும் பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடை வீரையாவும். நீ பிறப்பதற்கு முன்பிருந்து நான் கருவாடும் பலசரக்கும் விற்கிற இடம் அது. பாதிக் காசு என்னிடம் இருந்தது, மீதிக்கு வங்கிக்குப் போனேன். வங்கியில் கடன் கேட்டுப் போனது இதுதான் முதல் தடவை, கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஷஹ்மா என்றொரு பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்த பிள்ளை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். இந்த நாட்டில் யார் எந்த வங்கியில் கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று எல்லாம் பதிந்து வைத்த கிரிப் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதில் என் பெயரைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைச் சரிபார்த்தாள். பிறகு சொன்னாள், "அங்கிள், ஒங்கட பேருல கெட்டதொண்டும் இல்ல. நல்லதொண்டும் இல்ல. ஒண்டுமே இல்ல."

கடன் இல்லாதவன் பெயரில் வேறென்ன இருக்கும் பிள்ளை, அதுதானே நல்லது என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாதாமாதம் கட்டக்கூடியவர் என்று மேலே காட்டுவதற்கு ஏதாவது வேண்டும், கடைக்குக் கூடக் கடனுக்குச் சாமான் எடுத்ததில்லையா என்று கேட்டாள். எடுக்காமல் என்ன. கொழும்பு ஐந்தாம் குறுக்குத் தெரு ஜமால்தீன் முதலாளியிடம் காலமெல்லாம் கடனுக்குத்தான் எடுத்தேன். கேஸ் இல்லாமல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருஷம், அந்த மனிதர் வெறும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு லொறிச் சாமான் அனுப்பினார், தீபாவளிக்கு முன் ஒரு சதம் பாக்கி வைக்காமல் கொடுத்து முடித்தேன். இதையெல்லாம் சொன்னேன். அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நம்முடைய வழக்கம் உனக்குத் தெரியும். கடன் எழுதிய சிட்டையை ஆணியில் குத்தி வைப்போம், காசு வந்ததும் கொடுத்தவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவோம். தீர்ந்த கடனின் சிட்டையை வைத்திருப்பது அந்த ஆளை அவமதிப்பது. கலஹாவிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் வருகிற தேயிலைத் தோட்டத்து ஆட்களின் சிட்டைகளை நான் அப்படித்தான் கிழித்தேன், என்னுடையதை ஜமால்தீன் முதலாளி அப்படித்தான் கிழித்தார். எனக்குக் கொடுத்த கடன் திரும்பி வராமல் போனதில்லை என்று அவர் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதித் தந்தார், அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பிள்ளை முழுவதும் வாசித்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள். இதைக் கம்ப்யூட்டரில் போட இடமில்லை என்றாள். அவளில் பிழை இல்லை.

கட்டடத்தை வீரையா வாங்கிவிட்டான். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரிட்ஜ் தவணையில், முச்சக்கரவண்டி தவணையில், மனைவிக்குத் தையல் மெசின் தவணையில். தவணைக்காரன் என்று நான் கூப்பிட்டால்தான் அவனுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் தேதி தவறாமல் கட்டியிருக்கிறான், எல்லாம் அவன் பெயரில் பதிந்திருக்கிறது, வங்கி மூன்று கிழமையில் கடன் கொடுத்துவிட்டது. கட்டடத்துக்கு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று சாயந்தரம் கடை வாசலில் வந்து நின்றான். "அண்ணே, நீங்க எங்கயும் போக வேணாம். அதே வாடகைய குடுத்துட்டு இருங்க" என்றான். முதலில் உன் பிரிட்ஜுக்குக் கட்டி முடி என்றேன். "அது முடிஞ்சு எவ்வளவோ காலம்ணே, இப்ப ஓடுறது ரெண்டாவது பிரிட்ஜு" என்றான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அவனுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடியாது. மாத முடிவில் சாவியைக் கொடுக்கிறேன். வீம்பு சோறு போடுமா என்று உன் அம்மா கேட்டாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். சுதேஷ் பேராதனைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். நீ எனக்காக அம்மாவிடம் பேசப் போகாதே.

இனி நீ செய்ய வேண்டியது. நான் குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் பலகைகளைப் பார்த்தே சிங்களம் வாசிக்கப் பழகியவன், எனக்கு எவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வங்கியில் கிரிப்பைப் பற்றிக் கொடுத்த சிங்களப் புத்தகத்தையும், சுதேஷின் போனில் உன் நாட்டு விஷயங்களையும் வாசித்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கார்டில் அரிசி வாங்கு, பஸ்ஸுக்குப் போடு, அதற்கு மேல் வேண்டாம். தந்திருக்கிற அளவில் கொஞ்சத்தைத்தான் தொட வேண்டும். பில் வந்ததும் கடைசித் தேதி வரை பார்த்திருக்காமல் முழுவதையும் கட்டிவிடு. குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பான், ஆளை விழுத்துவதே அதுதான், மீதிக்கு வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதில் காசாக எடுக்கவே கூடாது. கூட இருக்கிற பிள்ளை அழுது கேட்டாலும், அது கண்டிப் பிள்ளையாகவே இருந்தாலும், கார்டைக் கையில் கொடுக்காதே. வேறு கார்டு வந்தாலும் இதை மூடாதே, பழையதாக இருப்பதற்குத்தான் மதிப்பாம். நீ இப்போது இருக்கிற அறையை விட்டு வேறு வீடு தேடும்போது வீட்டுக்காரர் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார் என்று நீ ஒரு முறை சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். கடை போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கார்டில் காசு எடுத்து அனுப்ப நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். ஒரு சதம் அனுப்பக் கூடாது. அம்மா கேட்டாலும் கூடாது, நாளைக்கு நானே புத்தி மாறிக் கேட்டாலும் கூடாது. அனுப்பினால் வந்த வழியே திருப்பி அனுப்புவேன்.

இந்தக் கிழமை கடன் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து தீர்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் ஏமாற்றவில்லை. நேற்றுக் கடைசியாக உம்மு குல்சும் வந்தாள், மஹியாவையில் இடியப்பம் அவித்து விற்கிற மனுசி, மாவு எடுத்த காசைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துத் தந்தாள். ஆணியில் அவளுடைய சிட்டை ஒன்றுதான் மிச்சம். எடுத்தேன், கிழிக்கக் கை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன அண்ணன், காசு தந்த பொறகும் என்ட பேர வெச்சிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை, நீ ஒழுங்காகக் கொடுத்து முடித்தாய் என்று இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வைத்துக்கொள், ஒரு நாளைக்கு உதவும் என்றேன். "எனக்கு என்னத்துக்கு அது? புள்ளைகள் எடுத்துப் பாக்கவா?" என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கித் தானே நாலாகக் கிழித்து, மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். துண்டுகளைக் கூட்டி அள்ளினேன், ஆணியையும் பிடுங்கிவிட்டேன்.

பிள்ளையார் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். படிப்பு முடியட்டும், நல்ல இடத்தில் இருந்து நிம்மதியாகச் சாப்பிடு, அம்மா இடித்து அனுப்பிய மிளகாய்த்தூளை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. மறக்க வேண்டாம், பில் வந்ததும் முழுவதையும் கட்டு. அங்கே உன் சிட்டையைக் கிழித்துப் போட யாரும் இல்லை, நீயும் கிழிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. நடராஜா